வெள்ளை கார் முழுக்க ஆரஞ்சுப் புள்ளி, தடவினா சொரசொரப்பு: க்ளே பார் போடலாமா, பெயிண்ட்தான் அடிக்கணுமா?

சாலைவாசி
வணக்கம் நண்பர்களே. வண்டி வெள்ளை செடான், ஒன்பது வயசு. கூரை இல்லாத இடத்தில்தான் நிற்கும், மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. கழுவித் துடைத்தாலும் பழைய பளிச் இல்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வெள்ளைதான். குனிந்து பார்த்தால் போனட்டிலும் கூரையிலும் டிக்கி மூடியிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் சில வருகின்றன, சில அசையவே இல்லை. கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கிறது.

ஒரு பட்டறையில் காட்டினேன். "உள்ளேயிருந்து துரு கிளம்பிடுச்சு, முழு பெயிண்ட் அடிச்சாத்தான் நிற்கும்" என்றார்கள். இன்னொருவர் க்ளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும், பிசையக்கூடிய கட்டி) போட்டால் எல்லாம் போய்விடும் என்கிறார். க்ளே பார் பெயிண்டையே தேய்த்துவிடும் என்றும் படித்தேன். யார் சொல்வதைக் கேட்பது?

மெருகுக்காரன்
சாலைவாசி சார், பெயிண்ட் அடிக்கிற பேச்சை இப்போதைக்கு ஓரமா வைங்க. நீங்க சொல்றதை வைத்துப் பார்த்தா இது உள்ளேயிருந்து வர்ற துரு இல்லை, வெளியிலிருந்து வந்து உட்கார்ந்த இரும்புத்தூள். ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது பறக்கிறது, வண்டிகளோட பிரேக் டிஸ்க்கிலிருந்து பறக்கிறது, கிரைண்டர் ஓடுற இடத்திலிருந்து பறக்கிறது. எல்லாம் மேலே இருந்து விழுகிற சமாச்சாரம். அதனாலதான் போனட், கூரை, டிக்கி மாதிரி படுத்த நிலையில இருக்கிற பாகங்கள்ல அதிகமா இருக்கு. கதவுகள்ல பாருங்க, கம்மியா இருக்கும். இருந்தாலும் சக்கரத்துக்குப் பின்னாடி கீழ்ப்பகுதியில்தான் இருக்கும்.

உள்ளேயிருந்து வர்ற துருவுக்கு அடையாளம் வேற. கல் பட்டு பெயிண்ட் சிதறின இடம் ஒன்று இருக்கும், அதோட விளிம்பு நகத்துக்குத் தட்டும், இல்லைன்னா பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். பெயிண்ட் சமமா இருந்து, அதுக்கு மேல ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம்னா அது வெளியிலிருந்து வந்ததுதான். செல்போன் கேமராவை நல்லா ஜூம் பண்ணிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சோதனை: வண்டியைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே, மெல்லிசான பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டு விரல்நுனியால பெயிண்டைத் தடவுங்க. வெறுங்கையில தெரியாத சொரசொரப்பும் பைக்குள்ள இருந்து தடவினா தெரியும். வெள்ளை வண்டியில கண்ணை நம்பக்கூடாது, கையைத்தான் நம்பணும்.

தண்ணீர்போதும்
வந்துட்டாங்கய்யா. வெள்ளை கார் வாங்குறதே அழுக்கு தெரியாம இருக்கத்தான். ஷாம்பூ போட்டுக் கழுவு, மேல வாக்ஸ் போடு, வேலை முடிஞ்சுது. இந்த க்ளே, அயர்ன் ரிமூவர், பாலிஷ் எல்லாம் விற்கிறவனுக்கு லாபம். எங்க வீட்டு வெள்ளை வண்டிக்கு இது எதுவும் போட்டதில்லை, நல்லாத்தான் ஓடுது.

வினைவேகம்
ஓடுவதற்கு பெயிண்டே தேவையில்லை, தண்ணீர்போதும் அவர்களே. :) கேள்வி பெயிண்டைப் பற்றியது.

"மேல வாக்ஸ் போடு" என்பதில்தான் சிக்கல். பிரேக்கிலிருந்தோ தண்டவாளத்திலிருந்தோ கிளம்பும் இரும்புத் துகள் பெரும்பாலும் சூடாகவும் கூர்மையாகவும் இருக்கும். பெயிண்டின் நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில் வந்து குத்திக்கொண்டு நிற்கும். மழையும் பனியும் பட்டால் துருப்பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு பல மடங்கு கூடுகிறது. துகள் தான் இருக்கும் குழியைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறது என்று வையுங்கள். அதன் மேல் வாக்ஸ் பூசினால் துகளை அங்கேயே பத்திரப்படுத்தி வைக்கிறோம், அவ்வளவுதான்.

கறுப்பு காரிலும் இதே அளவு இரும்பு விழத்தான் செய்கிறது. வெள்ளையில் ஆரஞ்சு பளிச்சென்று தெரிகிறது, கறுப்பில் தெரிவதில்லை. ஆகவே "வெள்ளையில் எதுவும் தெரியாது" என்பது பாதி உண்மை. கீறல் தெரியாது, துரு நன்றாகவே தெரியும்.

சாலைவாசிக்கு: க்ளேயைத் தொடுவதற்கு முன் அயர்ன் ரிமூவர் வாங்குங்கள். அதில் வேலை செய்யும் பொருள் தயோகிளைகோலேட் உப்பு, அமோனியம் அல்லது சோடியம். இரும்போடு சேர்ந்து நீரில் கரையக்கூடிய கூட்டுப்பொருளாக மாறும், அதன் நிறம் ஊதா. வெள்ளை வண்டியில் அது நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தெளித்துச் சற்று நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஊதா கசிந்து, கோடு கோடாகக் கீழே வழியும். முடியைச் சுருட்டும் பெர்மிங் லோஷனிலும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான். அதனால் நாற்றமும் அதேதான், மூக்கைப் பிடிக்க வைக்கும்.

கையுறை கட்டாயம். காற்றோட்டமான இடம். நிழல், பெயிண்ட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சீசாவில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் விடாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் காயவிடாதீர்கள். காய்ந்தால் அதுவே கறையாகும். வேறு எந்தக் கிளீனரோடும் கலக்க வேண்டாம். நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சாலைவாசி
விளக்கத்துக்கு நன்றி. பை சோதனை செய்து பார்த்தேன், கூரையில் தடவினால் கரகரவென்று சத்தமே கேட்கிறது. மெருகுக்காரன் அண்ணே சொன்ன மாதிரி கதவுகளின் மேல்பாதி வழவழப்பாகத்தான் இருக்கிறது. ஜூம் செய்தும் பார்த்தேன், நடுவில் கரும்புள்ளி, சுற்றி ஆரஞ்சு, அச்சாக அப்படியே.

ஒரு சந்தேகம். மருந்தே இரும்பைக் கரைத்துவிடும் என்றால் க்ளே எதற்கு?

மெருகுக்காரன்
நல்ல கேள்வி. மருந்து இரும்பை மட்டும்தான் கரைக்கும். ஸ்ப்ரே பெயிண்ட் தூசி, மரப்பிசினோட மிச்சம், பூச்சி ஒட்டின தடம், எண்ணெய்ப் புகைப்படலம், இதுக்கெல்லாம் அது அசைஞ்சு கொடுக்காது. இரும்பிலேயும் ஆழமா உட்கார்ந்ததோட தலையைத்தான் கரைக்கும், உடம்பு உள்ளே நிற்கும். மருந்து போட்டுக் கழுவின பிறகு மறுபடி பை சோதனை பண்ணுங்க. வழவழன்னு இருந்தா க்ளே வேண்டாம், நேரா அடுத்த வேலைக்குப் போயிடலாம். இன்னும் சொரசொரப்பு இருக்கிற பாகத்துக்கு மட்டும் க்ளே. வண்டி முழுக்கப் போட்டே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்லை.

தார் இருந்தா அதையும் முன்னாடியே தார் ரிமூவர்ல எடுத்துடுங்க. க்ளேயால தாரை எடுக்கப் போனா க்ளே முழுக்கக் கறுப்பா ஆகி வீணாயிடும்.

இனி முறை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மீடியம், ஹெவி எல்லாம் எடுக்காதீங்க, ஃபைன் க்ளேதான். நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, ஒரு கம்பெனியில நீலம் ஃபைன், இன்னொண்ணுல வேற மாதிரி. பாக்கெட்ல எழுதியிருக்கிறதைப் படிங்க. முழுக்கட்டியையும் எடுக்காம மூணா நாலா பிய்ச்சு ஒரு துண்டு மட்டும் எடுங்க. மீதி டப்பாவுலேயே இருக்கட்டும், ஒண்ணு கீழே விழுந்தாலும் வேற இருக்கும். துண்டை வெதுவெதுப்பான தண்ணியில போட்டு வைச்சா இளகும். பிசைஞ்சு, மூணு விரல் அகலத்துக்குத் தட்டையா அமுக்குங்க.

லூப்ரிகன்ட், அதாவது க்ளே வழுக்கிட்டுப் போறதுக்கான திரவம், தாராளமா அடிங்க. க்ளேயிலும் அடிங்க, பெயிண்டிலும் அடிங்க. இங்கே கஞ்சத்தனம் பண்ணினாத்தான் கீறல். ஒரு தடவைக்கு ஒண்ணரை ரெண்டடி சதுரம், அவ்வளவுதான். விரல்நுனியால அழுத்தாம நாலு விரலையும் படுக்க வைச்சு, க்ளேயோட எடையும் கையோட எடையும் போதும்ங்கிற மாதிரி நேர்கோட்டுல முன்னும் பின்னும் ஓட்டுங்க. வட்டம் போடாதீங்க. ஆரம்பத்துல பிடிச்சுப் பிடிச்சு இழுக்கும், சர்சர்னு சத்தம் வரும். அழுக்கு வர வர சத்தம் அடங்கும், கை வழுக்கிட்டுப் போகும். அந்த இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல தேய்ச்சா அழுக்கு இல்லை, பெயிண்டுதான் தேயும்.

ஒவ்வொரு சதுரம் முடிஞ்சதும் க்ளேயைத் திருப்பிப் பாருங்க. வெள்ளை வண்டிங்கிறதால பெயிண்ட்ல தெரியாத அழுக்கெல்லாம் க்ளேயில பழுப்பாத் தெரியும். அதை உள்ளே மடிச்சு, சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டு வந்து, மறுபடி தட்டையாக்குங்க. மடிக்க மடிக்க சுத்தமான பக்கமே வரலைன்னா அந்தத் துண்டைக் குப்பையில போடுங்க.

கீழே விழுந்துச்சா? எடுக்காதீங்க. கழுவிப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க. ஒரே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் போனட் நீளத்துக்குக் கோடு போட்டுடும்.

ஸ்ப்ரேகன்
நான் டிங்கரிங் பெயிண்டிங் தொழிலில் இருப்பவன். மேலே சொன்னது எல்லாம் சரி, என் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

க்ளே வந்ததே எங்கள் தொழிலுக்காகத்தான் என்று சொல்லலாம். பக்கத்து வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட் தூசி இந்த வண்டியில் படிந்தால், முன்பு பிளேடாலும் காம்பவுண்டாலும் மணிக்கணக்கில் போராட வேண்டும். நெகிழும் ரெசினில் மிக நுண்ணிய அரைப்புத் துகளைக் கலந்து செய்யும் இந்த உத்திக்கு ஜப்பானின் தடாவோ கொடாதே பெயரில் 1995இல் அமெரிக்கக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. "அது வெறும் களிமண், பெயிண்டை ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்கள் இதை ஞாபகத்தில் வையுங்கள். களிமண்ணே கிடையாது. அரைக்கும் பொருள், ஆனால் மிக மென்மையாக அரைக்கும் பொருள்.

அதனால் சாலைவாசியின் பயம் முழுக்கத் தப்பு இல்லை. கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். ஒழுங்காகப் போட்ட க்ளே அதில் எடுப்பது கணக்கில் வராத அளவு. ஆனால் மூட்டம் போட்டது போன்ற மிக மெல்லிய கீறல்களை விட்டுவிட்டுப் போகும். கறுப்பு வண்டியில் அது உடனே கண்ணில் அடிக்கும், வெள்ளையில் நிழலில் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். "வெள்ளைக்கு க்ளே போட்டால் கீறல் வராது" என்று சொல்கிறவர்கள் எல்லாம் நிழலில் பார்த்தவர்கள். ஒரு எல்இடி டார்ச்சை பெயிண்டுக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள், தெரியும். இப்படிப்பட்ட கீறல்களாலும் பொலிவு குறையும். ஆகவே க்ளே போட்ட பாகத்துக்கு ஒரு மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ் போட வேண்டும் என்பேன்.

அடுத்தது, வேலையில் இறங்கும் முன் உங்கள் வெள்ளை எந்த வகை என்று பாருங்கள். சாதாரண வெள்ளையில் இரண்டு உண்டு: மேலே கிளியர் கோட் இருப்பது, கிளியர் கோட்டே இல்லாமல் நிறமே மேல்பூச்சாக இருப்பது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் துளி பாலிஷை வைத்து, அடர்நிறத் துணியால் தேயுங்கள். துணியில் வெள்ளை ஏறினால் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். பாலிஷே வெள்ளை நிறமாக இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள், அதனால் வேறு நிறப் பாலிஷாக எடுங்கள். கிளியர் கோட் இல்லாத வெள்ளையில் வெயில் பட்டுப் பட்டு மேலே உள்ள ரெசின் சிதைந்து, உள்ளே இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு நிறமி பொடியாக வெளியே வரும். கையில் மாவு ஒட்டும். அந்த மங்கலுக்கு க்ளே எதுவும் செய்யாது, பாலிஷ்தான் வழி. க்ளேயில் வெள்ளை ஏறுவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

ஏற்கெனவே ஒரு கதவோ பம்பரோ மறுபெயிண்ட் அடித்திருந்தால் அங்கே பூச்சின் கனம் வேறு, கெட்டித்தன்மை வேறு. கிளியர் கோட் உரிந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த ஓரத்துக்கு க்ளே பக்கமே போகாதீர்கள். பிடித்து இழுத்து இன்னும் உரித்துவிடும்.

முத்துவெள்ளை
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது பேர்ல் வொயிட், போன வருஷம் செராமிக் கோட்டிங் போட்டது. முன் பம்பரிலும் போனட்டிலும் பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் பிளாஸ்டிக் படலம்) ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் அதே ஆரஞ்சுப் புள்ளிகள் இப்போதுதான் தலைகாட்டுகின்றன. நானும் க்ளே போடலாமா? க்ளே மிட் என்று கையுறை மாதிரி ஒன்று விற்கிறார்களே, அது பரவாயில்லையா?

வினைவேகம்
முத்துவெள்ளை, உங்களுக்கு க்ளே வேண்டாம். செராமிக் பூச்சு மிக மெல்லியது, க்ளே அதைத் தேய்த்து அதன் ஆயுளைக் குறைக்கும். பிஎச் சமநிலையில் உள்ள அயர்ன் ரிமூவர் செராமிக்கை ஒன்றும் செய்யாது. இப்போதுதான் தலைகாட்டுகின்றன என்றால் துகள்கள் இன்னும் மேலாகத்தான் இருக்கும், மருந்திலேயே போய்விடும். பிபிஎஃப் மேல் எதைப் போடுவதென்றாலும் ஒட்டியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மேட் பிபிஎஃப் என்றால் க்ளேவும் பாலிஷும் கூடவே கூடாது, அங்கங்கே பளபளப்பாகிவிடும், திரும்ப மேட் ஆக்க முடியாது. மேட் பெயிண்டுக்கும் இதே கதைதான்.

ஸ்ப்ரேகன்
கூடவே ஒன்று. பேர்ல் வொயிட் பெரும்பாலும் மூன்று அடுக்கு: வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் மைக்கா கலந்த முத்துப்பூச்சு, அதன் மேல் கிளியர் கோட். ஒரு இடத்தில் பாலிஷ் அதிகமாகி உள்ளே போய்விட்டால் அந்த நிறத்தை ஒட்டுப்போட்டுப் பொருத்துவது எங்களுக்கே பெரிய பாடு. அதனால் பேர்ல் வைத்திருப்பவர்கள் எதையும் குறைவாகச் செய்வதே நல்லது.

இரவுப்பணி
க்ளே மிட் பத்தி யாரும் சொல்லலையே. நான் மிட்தான் பாவிக்கிறேன். பாரை விட வேகம், கீழே விழுந்தா அலசிட்டு மறுபடி எடுத்துக்கலாம். துணி மேல ரப்பர் மாதிரி ஒரு பாலிமர் பூசினது, அவ்வளவுதான். பெரிய வண்டிக்கு பார் வைச்சுத் தேய்ச்சா தோள் போயிடும்.

மெருகுக்காரன்
வேகம் உண்மைதான். ஆனா பார்ல அழுக்கு உள்ளே அமுங்கும், மடிச்சா புதுப்பக்கம் வந்துடும். மிட்ல அழுக்கு மேலாகவே நிற்கும், அதையே வண்டி முழுக்க இழுத்துட்டுப் போவோம். ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கெட்ல முக்கி அலசினா ஓகே. எத்தனை பேர் அலசுறாங்க? கைப்பிடிக்குப் பின்னாடி, கண்ணாடி ஓரம், எம்பிளம் பக்கம் எல்லாம் மிட் நுழையாது, பாரைச் சின்னதா உருட்டி நுழைச்சுடலாம். முதல் தடவை பண்றவங்களுக்கு பார்தான் நல்லதுன்னு நான் சொல்வேன். விரலுக்குக் கீழே என்ன நடக்குதுன்னு தெரியும். மிட்ல அது மரத்துப் போயிடும்.

இரவுப்பணி
அலசுறேன் அண்ணே, அலசுறேன். :) லூப்ரிகன்ட்டுக்கு நான் கார் ஷாம்பூ கலந்த தண்ணிதான். தனியா வாங்கினது இல்லை.

மெருகுக்காரன்
மிட்டுக்கு அது போதும். பாருக்கு, கம்பெனி சரின்னு சொன்னா போதும். சில க்ளே ஷாம்பூ தண்ணியில சீக்கிரம் நொதநொதன்னு ஆகி பெயிண்ட்ல அப்பிக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட் மட்டும் வேண்டாம், வழுக்கல் சீக்கிரம் போயிடும். வெயில்ல சூடான பெயிண்டுலயும் அதே அப்பல் வரும். அப்படி அப்பிட்டா சுரண்டாதீங்க, அந்த இடம் ஆறின பிறகு நிறைய லூப்ரிகன்ட் அடிச்சு, அதே க்ளேயால மெதுவா ஒத்தி எடுத்தா வந்துடும்.

சாலைவாசி
செய்தாயிற்று. விவரமாக எழுதுகிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும்.

மேகமூட்டமான காலையாகப் பார்த்து ஆரம்பித்தேன். முதலில் ஷாம்பூ, பிறகு சக்கரங்களுக்கு மேலே தார் ரிமூவர், பிறகு அயர்ன் ரிமூவர். வினைவேகம் சொன்னது சொன்னபடி நடந்தது: முதல் நிமிடம் ஒன்றுமில்லை, அப்புறம் டிக்கி மூடி முழுவதும் ஊதாப் புள்ளிகள் மலர்ந்து, நம்பர் பிளேட் பக்கம் வழிய ஆரம்பித்தன. ரயில் பாதையைப் பார்த்து நிற்கும் பக்கத்தில் ஊதா இரண்டு மடங்கு இருக்கும். நாற்றம் பற்றிச் சொன்னதும் உண்மை, வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கழுவிவிட்டுப் பை சோதனை. கதவுகள் நான்கும் வழவழப்பு, அவற்றில் க்ளே போடவில்லை. போனட், கூரை, டிக்கி மூன்றிலும் குறைந்திருந்தது, போகவில்லை. போனட்டின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதிக்கு மட்டும் முதலில் க்ளே போட்டேன். சத்தம் அடங்கும் என்று அண்ணே சொன்னதை அப்போதுதான் காதால் கேட்டேன். ஏழெட்டு முறை முன்னும் பின்னும் ஓட்டியதும் சர்சர் நின்று கை தானாக வழுக்கியது. க்ளேயைத் திருப்பினால் நடுவில் பழுப்புக்கோடு, அதில் மிளகுத்தூள் அளவுக்குக் கரும்புள்ளிகள். டேப்பை எடுத்துவிட்டு இரண்டு பாதியையும் கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. தடவினால் எந்தப் பாதி எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிறகு ஃபினிஷிங் பாலிஷ், கையாலேயே. அதற்குப் பின்தான் கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தது. மேலே ஒரு சீலன்ட் (வாக்ஸ் மாதிரி பாதுகாப்புப் பூச்சு).

மிச்சம் மூன்று பிரச்சினை. ஒன்று, சில புள்ளிகள் போன இடத்தில் ஊசிக்குத்து மாதிரி சின்னக் குழி தெரிகிறது. இரண்டு, கூரையில் வட்ட வட்டமாக நீர்த்திவலைத் தடங்கள், க்ளேக்கு அசையவில்லை. மூன்று, பின் பம்பர் மட்டும் மற்ற இடத்தை விட மஞ்சளாக இருக்கிறது. வண்டி சுத்தமானதும் அது இன்னும் எடுப்பாகத் தெரிகிறது!

வினைவேகம்
நீர்த்தடம்: தண்ணீர் காய்ந்து போன பிறகு நிற்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள். க்ளே அதன் மேலாக வழுக்கிக்கொண்டு போகும். மென்மையான அமிலம்தான் கரைக்கும். நீர்த்தடத்துக்கென்றே விற்கும் ரிமூவர் இருக்கிறது, அல்லது வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒத்தி வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். அயர்ன் ரிமூவர் போடும் நாளில் இதைச் செய்யாதீர்கள், இரண்டும் கலக்கக் கூடாது. இதற்கும் போகவில்லை என்றால் உப்பு கிளியர் கோட்டையே அரித்துவிட்டது என்று பொருள். பாலிஷில் குறையும், முழுவதும் போகுமா என்பது அரிப்பின் ஆழத்தைப் பொறுத்தது.

அமிலம் போட்ட இடத்தில் சீலன்ட் பலவீனமாகிவிடும், அங்கே மறுபடி பூசுங்கள்.

ஸ்ப்ரேகன்
ஊசிக்குத்துக் குழி இரும்புத்துகள் உட்கார்ந்திருந்த இடம். அதை நிரவ வேண்டும் என்றால் சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் குழியின் ஆழத்துக்குக் குறைக்க வேண்டும், அது முட்டாள்தனம். விட்டுவிடுங்கள். சீலன்ட் அதை மூடி வைத்தால் போதும். குழிக்குள் ஆரஞ்சு திரும்பத் தலைகாட்டினால் துகளின் மிச்சம் உள்ளே இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் மறுபடி மருந்து.

பம்பர் மஞ்சள் என்பதில் இரண்டு சாத்தியம். பம்பர் பிளாஸ்டிக், அதற்கு நெகிழும் பூச்சு, பல வண்டிகளில் உடலுக்கும் பம்பருக்கும் தனித்தனியாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். புதிதாக இருக்கும்போதே வெள்ளையில் லேசான நிற வித்தியாசம் இருக்கும், வயதானால் கூடும். இன்னொன்று, எப்போதாவது பின்னால் இடித்து பம்பர் மட்டும் மறுபெயிண்ட் அடித்திருக்கலாம். தரம் குறைந்த கிளியர் கோட் வெயிலில் மஞ்சளாகும். இரண்டுக்கும் க்ளே மருந்து இல்லை. பாலிஷ் போட்டுப் பாருங்கள். மேலாகப் படிந்த புகைப்படலமாக இருந்தால் துணியில் மஞ்சள் ஏறும், பம்பர் வெளுக்கும். துணி சுத்தமாக இருந்து பம்பர் மஞ்சளாகவே இருந்தால் அது பெயிண்டுக்குள்ளே இருக்கும் நிறம்.

சாலைவாசி
பம்பரை இதற்கு முந்தைய உரிமையாளர் காலத்தில் மாற்றியிருக்கிறார்கள் போல. பாலிஷ் துணியில் துளி மஞ்சள்கூட ஏறவில்லை. விட்டுவிடுகிறேன்.

கூரையில் வினிகர் வேலை செய்தது. இரண்டு வட்டங்கள் மட்டும் லேசாக நிற்கின்றன.

தண்ணீர்போதும்
சரி, முழு பெயிண்ட் அடிக்கச் சொன்ன பட்டறையை விட இது மேல், ஒத்துக்குறேன். ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே நாலு பேர் மாசாமாசம் க்ளே தேய்க்கக் கிளம்புவாங்க, அதையும் சொல்லி வைங்க.

மெருகுக்காரன்
அதுல உங்க கட்சிதான் நானும். நாள் குறிச்சு க்ளே போடக் கூடாது. பை சோதனை சொன்னா மட்டும் போடணும். நல்ல சீலன்ட் இருந்து, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அயர்ன் ரிமூவர் போட்டுட்டு வந்தா, பல வண்டிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை க்ளேகூடத் தேவைப்படாது. சாலைவாசி சார் நிறுத்துற இடத்துக்கு மருந்து அடிக்கடி தேவைப்படலாம். கவர் போட்டா இரும்புத்தூள் குறையும், ஆனா அழுக்கு வண்டி மேல கவரை இழுத்துப் போட்டா அதுவே கீறும், அதனால கழுவின வண்டிக்கு மட்டும்.

மீதி க்ளேயை லூப்ரிகன்ட் ரெண்டு தடவை அடிச்சு, காற்றுப் புகாத டப்பாவுல, வெயில் படாத இடத்துல வைங்க. காய்ஞ்சு வெடிச்சா தூக்கிப் போட்டுடுங்க.

முத்துவெள்ளை
மருந்து மட்டும் போட்டேன், புள்ளிகள் எல்லாம் போய்விட்டன. நன்றி வினைவேகம். கடைசியாக ஒன்று: முன் கண்ணாடியில் வைப்பர் ஓடும்போது கிறீச்சென்று சத்தம், பிளேடு புதுசுதான். கண்ணாடிக்காவது க்ளே போடலாமா?

மெருகுக்காரன்
கண்ணாடிக்குத் தாராளமா போடலாம், பெயிண்டை விட அது பயமில்லாத வேலை. கண்ணாடியில கோட்டிங் ஏதாவது போட்டிருந்தா மட்டும் யோசிங்க, போயிடும். பெயிண்டுக்குப் போட்டுப் பழசான துண்டை இதுக்கு வைச்சுக்கலாம், ஆனா கண்ணாடியில தேய்ச்சதைத் திரும்பப் பெயிண்டுக்குக் கொண்டு போகாதீங்க. வைப்பர் ரப்பரையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால ஒரு தடவை துடைச்சு விடுங்க, துணி கறுப்பா வர்றது நிற்கிற வரைக்கும்.